எச்பிவி ஊசியால் புற்றுநோய் வராது

"எச்பிவி ஊசி என்று வைரஸையே ஏற்றுகிறார்கள், பெண்பிள்ளைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்துவிடும்" என்று மும்பையின் தாராவி, மாட்டுங்கா தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். அதைத் தடுக்கும் இந்த ஊசியில் இருப்பது அந்த வைரஸின் மேலுறைப் புரதமான எல்1 மட்டுமே. உள்ளே மரபணு கிடையாது. செல்லைப் புற்றாக்கும் ஈ6, ஈ7 புரதங்கள் அந்த மரபணு இருந்தால்தான் உருவாகும். சிரட்டையை நட்டுத் தென்னை முளைத்த கதை உண்டா? 17 வயதுக்குள் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது.

ஏற்கெனவே தொற்றிய வைரஸை ஊசி விரட்டாது. அதனால்தான் தொற்றுக்கு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். வழக்கமாக 6 மாத இடைவெளியில் 2 டோஸ். ஒன்றே போதும் என்பதையும் உலக சுகாதார அமைப்பு 2022இல் ஏற்றது. போட்டதும் சில பிள்ளைகள் மயங்குவார்கள், 15 நிமிடம் உட்காரவையுங்கள். ஊசி போட்டிருந்தாலும் 30 வயது முதல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும்; எல்லா வகை எச்பிவியையும் ஊசி தடுப்பதில்லை.