உன்னதப்பாட்டும் திறாங்கு போட்ட கதவும்

மார்கழி விடியப்புறத்தில் கோயில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை கேட்கிற ஊர் இது. பெண்ணைத் துயிலெழுப்புகிற பாட்டை ஆன்மா விழிப்பதாக எடுப்பது எங்களுக்குப் புதிசில்லை. ஆனால் பைபிளில் காதலனும் காதலியும் மாறிமாறிப் பேசும் உன்னதப்பாட்டு என்றதும் கனபேருக்குக் கூச்சம். 8 அதிகாரம், 117 வசனம். சத்தமாக வாசித்தால் 20 நிமிசம்தான்.

உட்பொருளுக்கு உடனே பாயாதேயுங்கோ. முதலில் பென்சிலால் ஓரத்தில் ஆர் பேசுவது என்று குறியுங்கோ. பழைய மொழிபெயர்ப்பில் ஒரு வசதி இருக்கு: அவள் அவனை 'நீர்' என்பாள், அவன் அவளை 'நீ' என்பான். இந்த வேலையை விட்டவர்கள்தான் பாட்டில் வரும் மாதுளைக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று பொருள் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். அது பாட்டு இல்லை, விடுகதை.

பிறகு 5ஆம் அதிகாரம், 2 முதல் 7 வரை மெதுவாக. "நான் நித்திரைபண்ணினேன், என் இருதயமோ விழித்திருந்தது." அவன் பனியில் நனைந்த தலையோடு கதவைத் தட்டுகிறான். அவள் சொல்லும் சாக்குப்போக்கைப் பாருங்கோ: உடுப்பைக் கழற்றிப்போட்டேன், கால் கழுவிவிட்டேன், திரும்ப ஊத்தையாக்கவோ? பாவம் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல். எழும்பித் திறாங்கில், அதாவது தாழ்ப்பாளில், கை வைக்கும்போது விரலெல்லாம் வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் வழிகிறது; திறந்தால் ஆள் இல்லை. தேடிப் போனவளை நகரக் காவலர் அடிக்கிறார்கள். விழிப்பு என்றால் உடனே ஆனந்தம் என்று போதிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடுவது ஏனென்று விளங்கும். 2:7 (2ஆம் அதிகாரம், 7ஆம் வசனம்), 3:5, 8:4 மூன்றிலும் பாட்டே மறிக்கிறது: காலம் வருமுன் எழுப்பாதேயுங்கோ.

வளர்ச்சியை மூன்று வசனத்தில் பிடிக்கலாம். 2:16இல் "என் நேசர் என்னுடையவர், நான் அவருடையவள்": முதலில் என்னுடையவர். 6:3இல் வரிசை மாறி 'நான் அவருடையவள்' முன்னுக்கு வருகிறது. 7:10இல் 'என்னுடையவர்' என்ற சொல்லே இல்லை. அவர் பிரியம் என்மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவசரப்படவும் தேவையில்லை. பிரான்சின் கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்ட் 1135இல் தொடங்கி இந்தப் பாட்டின்மேல் 86 பிரசங்கம் செய்தார். 1153இல் இறக்கும்போது 3ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில்தான் நின்றார்.

மாணிக்கவாசகரின் காதல் பாட்டு நூலான திருக்கோவையாரோடு இதை ஒப்பிட்டு வாசிக்க யாழ்ப்பாணத்தவருக்குத் தனி உரித்து உண்டு. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவிய நல்லூர் ஆறுமுக நாவலர்தான் கோவையார் உரையையும் அச்சிட்டவர். ஆனால் கவனம்: சைவ மரபில் கோவையாரின் தலைவன் உயிர், தலைவி சிவம். உன்னதப்பாட்டை ஆன்மாவுக்கு உரியதாக வாசித்த கிறிஸ்தவர்களுக்கு உயிர் மணவாட்டி. இதை மாறிப் பிடித்தால் 5ஆம் அதிகாரத்தில் தட்டுவது ஆர், உள்ளே படுத்திருப்பது ஆர் என்பதே தலைகீழாகிவிடும்.