‘டிமென்ஷியா வந்தால் இரண்டே ஆண்டு’ என்பது உண்மையா?

டிமென்ஷியா என்னும் மறதி நோய் பற்றி ஈரோடு, கோபி பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “டிமென்ஷியா வந்தவருக்கு இரண்டே ஆண்டுதான். அவரிடம் சொன்னால் அதற்கும் முன்பே போய்விடுவார்.” இரண்டுமே தவறு.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். அது உறுதியான பின் பலர் 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறார்கள். 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு. வயது, நோயின் வகை, உடன் இருக்கும் இதய நோய் எல்லாம் கணக்கை மாற்றும். நாள் குறித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. வைட்டமின் பி12 குறைவாலோ தைராய்டு கோளாறாலோ வரும் மறதி சிகிச்சையில் குறையலாம். அதை முதலில் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாவது பொய்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. ஆரம்ப நிலையில் பெரும்பாலோர் உண்மையை அறியவே விரும்புகிறார்கள். தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, வாய்க்கால் உடைந்து ஓடும் தண்ணீரைப் பார்த்து நிற்கும் அப்பாருக்குத் தன்னிடம் ஏதோ சரியில்லை என்று தெரியாதா? அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதுதான் கொடுமை. ‘வேண்டாம்’ என்பவர்களும் உண்டு. எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

தெளிவு இருக்கும்போதே உயில் எழுதலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி சிகிச்சை விருப்பத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பவர் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொடுத்தவர் மனத்தெளிவு இழந்தால் அது செல்லாது.

பராமரிப்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஆண்டுக் கணக்கை மட்டுமல்ல: எப்போதிலிருந்து தனியே விடக்கூடாது, விழுங்கச் சிரமப்பட்டால் என்ன செய்வது, இரவில் எழுந்து நடந்தால் யாரை அழைப்பது?