பொறு மாப்பிள்ளை, பொறு

"உன் கம்ப்யூட்டர் இன்னுமா ஓடுகிறது?"

இந்தக் கேள்விக்கு இனிமேல் நான் பதில் சொல்வதாக இல்லை. தொண்ணூறு வயதுப் பாட்டியைப் பற்றி விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்தி, முகத்தில் கொஞ்சம் துக்கத்தையும் வரவழைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஓடுகிறது ஐயா, ஓடுகிறது. நேற்றுகூட சுடலைமாடன் கொடைக்கு இருபதடி பிளெக்ஸ் அதில்தான் தயாரானது.

போன வாரம் பாளையங்கோட்டையில் சொந்தத்தில் கல்யாணம், மறுநாள் மறுவீட்டுச் சொதி. தாலி கட்டுக்குப் போகாவிட்டாலும் சொதிக்குப் போய்விடுகிற வம்சம் நான். பந்தியில் இடம் பிடித்து, இலையில் தண்ணீர் தெளித்து நிமிர்ந்தால் பக்கத்தில் சென்னை அத்தான். தீர்ந்தது கதை.

சோறு விழுந்தது. "என்ன பிராசஸர்?" என்றார். கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைக் கேட்கிறார். நலமா, தொழில் எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ஒன்றும் கிடையாது.

"ஐ5-7400 அத்தான்."

"ஏழாம் தலைமுறையா!"

எதிர்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிற ஏதோ வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

"எப்போது வாங்கினாய்?"

"2017 ஜூலை."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த அக்டோபரிலேயே எட்டாம் தலைமுறை வந்துவிட்டது மாப்பிள்ளை. மூன்றே மாதம் பொறுத்திருந்தால் நான்கு கோருக்குப் பதில் ஆறு கோர். விண்டோஸ் 11-உம் ஏறியிருக்கும்."

கோர் என்றால் சிப்புக்குள் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள்; அது கிடக்கட்டும். 2021-ல் விண்டோஸ் 11 என்று ஒன்று வரும், எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சிப்பில் சிலவற்றைத் தவிர எதுவும் அதன் பட்டியலில் இருக்காது என்று 2017 ஜூலையில் எனக்கு எந்த நாடி ஜோதிடர் சொன்னார்? எட்டாம் தலைமுறைச் சிப்பை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று உடனே யாராவது வருவீர்கள். வராதீர்கள். சிப்பைச் சொருகும் சாக்கெட்டின் பெயர் இரண்டுக்கும் 1151தான், ஆனால் பழைய போர்டில் புதுச் சிப் வேலை செய்யாது. பெயர்ப் பொருத்தம் உண்டு, ஜாதகப் பொருத்தம் கிடையாது.

தேங்காய்ப்பால் மணத்தோடு சொதி வாளி எங்கள் வரிசைக்குள் திரும்பியது. எனக்கு ஒரு கரண்டி விழுந்தது.

"ரேம் எவ்வளவு?" வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் நினைவகம் அது.

"பதினாறு ஜிபி."

"போதாது, போதாது" என்று என் இலைக்கு மேலே கையை ஆட்டினார். பரிமாறிய தம்பி அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். இரண்டாம் கரண்டி.

"டிடிஆர் மூன்றா, நான்கா?" ரேமுக்கும் தலைமுறை உண்டு, அதன் பெயர் டிடிஆர்.

"நான்கு."

"இந்தக் காலத்தில் நான்கு எப்படிப் போதும்? ஐந்து வேண்டாமா?"

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டு மூன்றாவதையும் ஊற்றினான். பாபநாசம் அணையைத் திறந்த மாதிரி சொதி அத்தான் இலைப் பக்கம் புறப்பட்டது. இடது கையால் இலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவர் தன் மெஷினின் பெருமையைத் தொடங்கினார்.

ரைசன் 7 பிராசஸர். எட்டு கோர், பதினாறு திரெட், அதாவது ஒரே நேரத்தில் பதினாறு வேலை. முப்பத்திரண்டு ஜிபி டிடிஆர்5. கண்ணாடிப் பெட்டி, உள்ளே நிறம் மாறி மாறி ஓடும் விளக்கு. எங்கள் ஊர்க் கொடைக்குச் சீரியல் செட் போடுகிறவர் பார்த்தால் இரண்டு நாள் வாடகைக்குக் கேட்பார். அதில் அத்தான் பார்க்கும் வேலை என்ன? மின்னஞ்சல். மாதம் ஒருமுறை வேகத்தை அளக்கும் மென்பொருளை ஓடவிட்டு, வந்த எண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பிளஸ் டூ மதிப்பெண் என்று நினைத்துச் சித்தப்பா வாழ்த்துச் சொல்வார்.

2024-ல் புது மெஷின் வாங்கட்டுமா என்று இதே அத்தானிடம்தானே கேட்டேன்? "பொறு மாப்பிள்ளை, புதுச் சிப் வருகிறது, பழையது விலை இறங்கும்." பொறுத்தேன். 2025 ஆடியில் கேட்டேன். "ஆடியில் எவனாவது கம்ப்யூட்டர் வாங்குவானா? தீபாவளி வரட்டும்." தீபாவளியும் வந்தது. அதற்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 14 அன்று, என் மெஷினில் ஓடும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதே நேரம் பார்த்து உலகத்து ஏஐ டேட்டா சென்டர்கள் எல்லாம் மெமரி சிப்பை வாரி அள்ள, ரேம் விலை மலையேறிவிட்டது. புரட்டாசியில் எழுதி வாங்கிய கொட்டேஷனைக் கார்த்திகையில் வண்ணார்பேட்டைக் கடையில் நீட்டினேன். கடைப் பையன் அதை ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பொருள்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த விலைக்கு இப்போது ரேம் டப்பாதான் கிடைக்கும் அண்ணாச்சி" என்றான். கையில் இருக்கும் டிடிஆர்4 பட்டையையாவது புதுப் போர்டில் சொருகலாமா என்றால், டிடிஆர்5-க்கு வெட்டுப்பள்ளம் இருக்கிற இடமே வேறு.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தான் ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "பார்த்தாயா, அப்போதே வாங்கியிருக்க வேண்டும்."

அப்போதே! எப்போதே? நீங்கள் பொறு என்ற அப்போதேயா, பொறுக்காமல் வாங்கியதற்குத் திட்டிய அப்போதேயா?

என் மெஷின் ஒரு காலத்தில் மெதுவாக இருந்தது உண்மைதான். காரணம் பிராசஸர் இல்லை, உள்ளே உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க். 2020-ல் அதைக் கழற்றிவிட்டு சுழலும் தகடே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு முக்குக் கடையில் டீ குடித்து வருவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திறந்து நிற்கிறது. நான் அழைப்பிதழ் அடிக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள் வந்தது 2001-ல். அதற்குப் பதினாறு திரெட் கொடுத்தால் அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயர் இரண்டு தடவை விழுமா? டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எதுவும் நூறு சதவீதத்தில் திணறவில்லை. நூறைத் தொட்டிருப்பது என் ரத்த அழுத்தம் மட்டும்தான், அதுவும் கீழ் எண். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோனதுதான் ஒரே நியாயமான கவலை. அதற்கும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பெற்று வைத்திருக்கிறேன்.

புழுக்கம் தாங்காமல் அத்தான் கல்யாண அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொண்டார். நடுவில் நிறுத்தி, அதைத் திருப்பிப் பார்த்தார். "டிசைன் பிரமாதமாக இருக்கிறதே. சென்னையில் அடித்தார்களோ?"

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? புரையேறும் அளவுக்குச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இஞ்சிப் பச்சடிக்குக் கையை நீட்டினால், இலையில் இஞ்சிப் பச்சடியே இல்லை. மூன்று கரண்டி சொதி, அத்தனையும் தேங்காய்ப்பால், இஞ்சி இல்லாமல் எப்படி ஐயா செரிக்கும்? தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், "தீர்ந்துவிட்டது அண்ணாச்சி, ஊறுகாய் வைக்கட்டுமா?" என்கிறான்.

ஊறுகாயாம். சொதிக்கு ஊறுகாயாம்! திருநெல்வேலியில் நின்றுகொண்டு கேட்கிறான்!