லைஃப் ஜாக்கெட் மட்டும் போதாது
தென்னாப்பிரிக்காவில் ஆற்றில் நடக்கும் டூசி துடுப்புப் படகுப் பந்தயத்துக்குப் பழகும் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். போதாது! பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை சுமார் 120 கிலோமீட்டர், வழியில் தடுப்பணைகள் வேறு.

அங்குள்ள உம்கோமாசி ஆற்றில் என் கயாக் (சிறிய துடுப்புப் படகு) கவிழ்ந்தபோது பதறிப்போய் எழுந்து நிற்கப் பார்த்தேன். கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. எப்படியோ உருவிக்கொண்டு தப்பினேன். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் நிற்கவே கூடாது, மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் உயர்த்தி மிதக்க வேண்டும் என்று அப்புறம்தான் மீட்புப் பயிற்சியில் கற்றேன். தண்ணீரில் தத்தளிப்பவரை இழுக்க, கயிறு அடைத்த கயிற்றுப் பையை வீசவும் அங்கேதான் பழகினேன். வந்து விழும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மார்போடு பிடித்து மல்லாந்து கிடந்தால் நீரோட்டமே கரைக்குத் தள்ளிவிடும்.

என் மகனுக்கு 14 வயது. இந்தப் பயிற்சியை முடிக்கும்வரை அவனைப் பந்தயம் நடக்கும் ஆற்றில் இறக்க மாட்டேன்.