பக்கத்தில் இருப்பவன் பேச்சைக் கேட்காதவனுக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு?

ராணுவத்தில் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மூச்சைக் கவனித்து மனதை இந்தக் கணத்தில் நிறுத்தும் பயிற்சி, கொடுக்கிறார்கள் என்றதும் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "தியானம் பண்ணிட்டுப் போய்ச் சுடுவாங்களா?" என்று ஒரு கட்சி. "இதெல்லாம் நம்ம சரக்கு, அவன் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்" என்று இன்னொரு கட்சி. முதல் கேள்வி நியாயமானது, அதற்குத் தனிப் பதிவே எழுத வேண்டும். இரண்டாவதை விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு.

இது ஒப்புக்கு நடக்கிற பயிற்சி இல்லை. 2008இல் இராக் போகவிருந்த அமெரிக்க மரைன் படையின் ரிசர்வ் வீரர்களுக்கு எலிசபெத் ஸ்டான்லி உருவாக்கிய பயிற்சியை 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அவரே முன்னாள் ராணுவ அதிகாரி. நரம்பியல் ஆய்வாளர் அமிஷி ஜாவின் குழு அதை அளந்தது. அந்த நேரத்துக்குத் தேவையானதை மனதில் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் இருக்கிறதே, போருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாதங்களின் நெருக்கடியில் அது சரியும். பயிற்சியை அதிக நேரம் செய்தவர்களுக்குச் சரியவில்லை. வகுப்புக்கு வந்துவிட்டு வீட்டில் செய்ய வேண்டியதை ஏய்த்தவர்களுக்குச் சரிந்தது. அப்புறம் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் 281 மரைன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2014இல் வெளியானது. ஆப்கான் கிராமம் போல செட் போட்டுத் தாக்குதல் ஒத்திகை வைத்தார்கள். அது முடிந்ததும், பயிற்சி எடுத்தவர்களின் இதயத்துடிப்பும் மூச்சும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தன.

சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அளந்தது எல்லாமே தனி ஆளை. ஒருவன் மூளை, ஒருவன் இதயம். ராணுவத்தில் தனி ஆளாக யார் வேலை பார்க்கிறார்கள்?

2017 ஜூன் 17, ஜப்பானுக்கு அருகே கடலில், இரவு ஒன்றரை மணி. அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. மாலுமிகள் தூங்கும் இடத்தில் தண்ணீர் புகுந்து 7 பேர் இறந்தார்கள். கேப்டன் தன் கேபினில் இருந்தார். வேறு கப்பல் நெருங்கி வந்தால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று அவருடைய நிரந்தர உத்தரவு இருந்தது. பணியில் இருந்த அதிகாரி கூப்பிடவில்லை. மேலே கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் ஒரு குழு, உள்ளே ரேடார் திரைகளுக்கு முன்னால் இன்னொரு குழு. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகத் தகவல் கொடுத்துக்கொள்ளவில்லை என்று கடற்படையின் அறிக்கையே சொல்கிறது.

அன்று எல்லாரும் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்துவிட்டு வந்திருந்தால் அந்த போனை எடுத்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. பொதுவாகவே சொல்கிறேன், நடுராத்திரியில் மேலதிகாரியை எழுப்பலாமா என்று தயங்குகிறவன் யோசிப்பது, போன தடவை எழுப்பினவன் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதைத்தான்.

கார்ல் வின்சன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் நடந்ததைப் பாருங்கள். அந்த மாதிரிக் கப்பலின் மேல்தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறச் சட்டை. விமானத்துக்கு வழிகாட்டுபவர் மஞ்சள், எரிபொருள் போடுபவர் ஊதா, குண்டு ஏற்றுபவர் சிவப்பு. தளத்தில் கிடக்கும் சின்னத் திருகாணியைக்கூட ஜெட் என்ஜின் உள்ளே இழுத்துவிடும். அதனால் வரிசையாக நின்று, தலையைக் குனிந்தபடி, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டே தளம் முழுக்க நடப்பார்கள். அங்கே ஒரு மாலுமி, தளத்தில் கருவி ஒன்றைத் தொலைத்துவிட்டதாகத் தானாகவே சொன்னார். வானத்தில் இருந்த விமானங்களையெல்லாம் கரையில் உள்ள தளங்களுக்குத் திருப்பிவிட்டார்கள், கருவி கிடைக்கும் வரை. மறுநாள் அந்த மாலுமிக்கு முறைப்படி விழா வைத்துப் பாராட்டினார்கள். திட்டவில்லை, சம்பளத்தில் பிடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு ஜூனியரும் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பான். எந்தப் பயிற்சியாளராலும் எட்டு வாரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கார்ல் வைக், கார்லீன் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1993இலேயே இதைத்தான் எழுதினார்கள். இந்தக் கப்பல்களின் மேல்தளங்கள் பெரும்பாலும் விபத்தில்லாமல் ஓடுவதற்குக் காரணம், ஒருவர் வேலை அடுத்தவர் வேலையில் எங்கே போய் முட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் என்றார்கள். பிரிட்டனில் ஜுட்டா டோபியாஸ் மோர்ட்லாக்கும் சக ஆய்வாளர்களும், தனி ஆளின் அமைதியோடு நிறுத்தாமல் குழுவாகக் கவனிப்பதையும் சேர்த்து ராணுவத்தில் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2022இல் எழுதியிருக்கிறார்கள். இந்தத் திசையில் போனால் நான் கைதட்டத் தயார்.

இன்னொன்று, தூக்கம். அமெரிக்கக் கடற்படை 2014இல் எடுத்த கணக்குப்படி கப்பலில் இருந்த மாலுமிகள் வாரத்துக்குச் சராசரி 108 மணி நேரம் பணியில் இருந்தார்கள். வாரத்துக்கே மொத்தம் 168 மணி நேரம்தான். மிச்சத்தில் தின்று, குளித்து, தூங்க வேண்டும். அப்படிப்பட்டவனிடம் போய் இந்தக் கணத்தில் இரு என்றால் அவன் என்ன செய்வான்? எங்கள் அலுவலகத்திலும் ஒரு தடவை இப்படி ஒரு பயிற்சி வைத்தார்கள். கண்ணை மூடச் சொன்னதும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடைத்திருக்காது, ஆனால் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பிறகு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜான் மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் சிங்கப்பூர் அருகே வேறொரு கப்பலோடு மோதி 10 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான், உடம்பின் தூக்க நேரத்துக்கு ஏற்றபடி வாட்ச் முறையை, அதாவது யார் எப்போது பணியில் இருப்பது என்பதை, அமைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

என் நட்பு வட்டத்தில் மெர்ச்சன்ட் நேவிக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு என்று உங்கள் கேப்டன்களும் எழுதி வைக்கிறார்கள்தானே? ராத்திரி 2 மணிக்கு, கடைசியில் ஒன்றுமே இல்லாத விஷயத்துக்கு எழுப்பியபோது அவர் முதலில் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கப்பல் பெயர் வேண்டாம்.