சோதனை முடிந்தது, கம்பி இன்னும் மூளைக்குள் இருக்கிறது

மருந்துக்கு அடங்காத மனச்சோர்வைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மாத்திரையை மாற்றி, அளவைக் கூட்டி, மறுபடி மாற்றி, ஒவ்வொரு தடவையும் இதுவாவது கேட்குமா என்று வாரக்கணக்கில் காத்துக் கிடப்பது என்ன வேதனை என்று தெரியும். அதனால் மின்சாரத்தாலோ காந்தத்தாலோ மூளையைத் தூண்டி இந்த நோயைக் குறைக்கப் பார்க்கும் மூளைத் தூண்டல் ஆராய்ச்சியை யாராவது "மண்டைக்குள் கரண்ட் வைக்கிறார்களாம்" என்று பயங்காட்டினால் கோபம்தான் வருகிறது.

தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துச் செய்யும் டிஎம்எஸ் அமெரிக்காவில் 2008-லேயே மனச்சோர்வுக்கு அனுமதி வாங்கிவிட்டது. சரி, அது வேண்டாமென்றால் எழுந்து போய்விடலாம். நான் சொல்ல வந்தது ஆழ்மூளைத் தூண்டலைப் பற்றி. மண்டையில் துளையிட்டு மெல்லிய மின்முனைகளை உள்ளே இறக்கி, பேட்டரியை மார்பில் தோலுக்கடியில் பதிக்கிறார்கள்.

2005-ல் நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க்கின் குழு டொரான்டோவில் 6 பேருக்கு இதைச் செய்து வெளியிட்ட முடிவில், 4 பேருக்கு 6 மாதம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. அந்த நம்பிக்கையில் வந்ததுதான் பிராடன் சோதனை. 90 பேருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது, 60 பேருக்குக் கருவியை இயக்கினார்கள், 30 பேருக்கு 6 மாதம் அணைத்தே வைத்தார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பலன் கண்டவர்கள் இயக்கிய பக்கம் 20 சதவீதம், அணைத்து வைத்த பக்கம் 17 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை, புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் கருவியோடு தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 2 ஆண்டு முடிவில் நல்ல முன்னேற்றம் இருந்தது. 6 மாதத்துக்குப் பிறகு அணைத்து வைத்தவர்களுக்கும் கருவியை இயக்கிவிட்டதால் அப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஆகவே இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பல வருடம் இறுகிப்போன நோயை 6 மாதத்தில் அளந்து தீர்ப்பு எழுதியது அவசரம் என்றே நினைக்கிறேன். நெதர்லாந்தில் 2016-ல் வெளியான ஆய்வில் வேறோர் இடத்தில் மின்முனை வைத்து, முதலில் மாதக்கணக்கில் அளவைச் சரிசெய்து, அப்புறம்தான் அணைத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் தெரிந்தது.

என் ஆதங்கம் இதற்கும் அடுத்தது. சோதனை நின்றுபோனால் ஆராய்ச்சியாளர் அடுத்த வேலைக்குப் போகலாம், நிறுவனம் திட்டத்தை மூடிவிடலாம், கருவி உடம்புக்குள் இருப்பவர் எங்கே போவார்? பேட்டரி சில வருடத்தில் தீரும், மாற்ற இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். கருவி நின்றால் பழைய இருட்டு திரும்பி வரலாம். அந்தச் செலவு யாருடையது? துளையிடுவதற்கு முன்பே சோதனை நடத்துகிறவர்கள் அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்து, பலன் கண்டவருக்கு வேண்டிய காலம் வரை பேட்டரி, டாக்டர், அளவுத் திருத்தம், வேண்டாமென்றால் எடுத்துவிடும் செலவு, அத்தனையும் எங்கள் பொறுப்பு என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தர முடியாதென்றால் அந்தச் சோதனைக்கு நெறிமுறைக் குழு அனுமதி தரவே கூடாது.