சத்துமாவும் எட்டு வகை உணவும்

"அங்கன்வாடி சத்துமாவிலேயே எல்லாம் இருக்கிறது, கைக்குழந்தைக்கு வேறு எதுவும் தேவையில்லை" என்று சிலர் சொல்வது தவறு. அது துணை உணவு மட்டுமே. 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு உணவு வகைகளில் குறைந்தது ஐந்து கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த அளவுகோல். தாய்ப்பாலும் அதில் ஒரு வகை. மாவில் எத்தனை தானியம் கலந்தாலும் ஒரு வகைதான். கடலை சேர்ந்தால் இரண்டு. வைட்டமின் தூவுவதால் வகைகளின் எண்ணிக்கை கூடிவிடாது. பால், முட்டை, மீன், கீரை, பப்பாளி எங்கிருந்து வரும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்த வயதில் போதுமான உணவு பெற்றவர்கள் சுமார் 11 சதவீதம்தான். இத்தனை ஆண்டுகள் மாவு கொடுத்த பிறகும்! கால்நடை, மீன்வளம், தோட்டக்கலைத் துறைகளும் அங்கன்வாடியோடு கைகோக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். சத்துமாவு பாக்கெட்டின் எடையைக் கூட்டுவதற்காக அல்ல.